பவுடர் போட்ட முகத்தில் வெளிச்சம் விழுந்தால்: 7 வருடம் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

எனக்கு எண்ணெய் வழியும் சருமம், நிறம் நல்ல கறுப்பு. 7 வருடமாகக் காம்பாக்ட்டும் லூஸ் பவுடருமாக மாற்றி மாற்றிப் போட்டு வருகிறேன். காலை 8 மணிக்குப் போட்டால் 11 மணிக்கெல்லாம் நெற்றி மின்ன ஆரம்பித்துவிடும், மூக்கின் இரண்டு பக்கமும் நிறம் இறங்கிப் போயிருக்கும், உடனே பஃப்பை எடுத்து அதன் மேலேயே இன்னொரு பூச்சு. முதல் 3 வருடம் இப்படியே போனது. பவுடர்தான் சரியில்லை என்று நினைத்து வேறு வேறு வாங்கிக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் புரிந்தது, பவுடர் துகள்களுக்கு நடுவே இருக்கிற காற்றுதான் பாதி வேலையைச் செய்கிறது, அந்த இடத்தில் எண்ணெய் ஏறிவிட்டால் மேலே எவ்வளவு பூசினாலும் வீண்.

முகத்தில் நேராக விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 4, 5 சதவீதம்தான் தோலின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்புகிறது. மீதி உள்ளே போய், மெலனினும் (தோலுக்கு நிறம் தரும் பொருள்) ரத்தமும் அவற்றின் பங்கை உறிஞ்சிக்கொண்ட பிறகு, தோலுக்குள் இருக்கும் கொலாஜன் என்ற புரத நார்களில் மோதிச் சிதறி வெளியே வருகிறது. நம் நிறம் என்று மற்றவர்கள் பார்ப்பது அப்படி உள்ளே போய் வந்த வெளிச்சத்தைத்தான். மேலேயே திரும்பியது விளக்கின் நிறத்திலேயே இருக்கும், அதனால் நெற்றியில் மின்னும் இடம் யாருக்குமே வெள்ளையாகத்தான் தெரியும். கறுப்புச் சருமத்தில் அது பளிச்சென்று கண்ணில் படுவதற்குக் காரணம் சுற்றியுள்ள நிறம் அடர்த்தியாக இருப்பது, எண்ணெய் அதிகம் சுரப்பது இல்லை. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு உண்மையிலேயே பெரிய நிம்மதி.

ஒரு நாள் தங்கையை ஜன்னலோரம் உட்கார வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் அவள் நெற்றியைப் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பார்த்தேன். கண்ணாடியை மெல்லத் திருப்பத் திருப்ப ஒரு கோணத்தில் எண்ணெய் மினுமினுப்பு மங்கிப்போய் அடியில் இருக்கும் நிறம் ஆழமாகத் தெரிந்தது. ஆனால் கன்னத்தில் போட்டிருந்த பவுடரின் வெளுப்பு எப்படித் திருப்பியும் போகவில்லை. எண்ணெய்ப் படலத்தில் பட்டு ஒரே பக்கமாகத் திரும்பும் வெளிச்சத்தைத்தான் அந்தக் கண்ணாடி தடுக்கும், துகள்களில் மோதி எல்லாப் பக்கமும் சிதறி வருவதைத் தடுக்காது.

சரி, அந்தக் காற்று விஷயம். பல பவுடர்களின் அடிப்படைப் பொருளான டால்க்கின் ஒளிவிலகல் எண் (ஒரு பொருள் வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் எண்) சுமார் 1.58, காற்றுக்கு 1, முகத்து எண்ணெய்க்கு 1.5-ஐ ஒட்டி. துகளுக்கும் அதைச் சுற்றி இருப்பதற்கும் இந்த எண்ணில் வித்தியாசம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சிதறல். காய்ந்த பவுடர் வெள்ளையாக, பளபளப்பில்லாமல் இருப்பது இதனால்தான். எண்ணெய் ஊறியதும் 1.58-க்குப் பக்கத்தில் 1.5 வந்து உட்கார்ந்துகொள்கிறது, வித்தியாசம் ரொம்பவே குறைந்துபோய்த் துகள் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. எண்ணெய் பட்ட காகிதம் ஊடுருவித் தெரிகிறதே, அதே கதைதான். மத்தியானம் முகம் இருண்டு போனால் 'பவுடர் ஆக்ஸிடைஸ் ஆகிவிட்டது' என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்பினேன். ஆனால் நிறத்துக்காகச் சேர்க்கும் சிவப்பு, மஞ்சள் அயர்ன் ஆக்சைடுகள் ஏற்கெனவே முழுக்க ஆக்ஸிஜன் ஏறியவை. என் முகத்தில் நடந்தது பெரும்பாலும் எண்ணெயில் நனைவதுதான்.

நம்பிக்கை வராமல் ஒரு கறுப்புத் தட்டில் இரண்டு பவுடரைத் தனித்தனியாகத் தூவி ஆளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். வெறும் டால்க் இருந்த இடம் உடனே கறுத்துவிட்டது. டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி நிறைய சேர்த்திருந்தது அப்படியே வெள்ளையாக நின்றது. அதன் ஒளிவிலகல் எண் 2.5-க்கும் மேலே, எண்ணெயில் மூழ்கினாலும் சிதறல் போகாது. 'நன்றாக மறைக்கும்' வகைப் பவுடர்களில் இதைத் தாராளமாகச் சேர்ப்பது அதற்குத்தான். என் போன்ற நிறத்துக்கு அதிலேதான் தொல்லையும், வெளிச்சம் மெலனின் வரைக்கும் போகாமல் மேலேயே திரும்பிவிடுவதால் முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். இந்தக் காரணத்துக்காகவே 2 காம்பாக்ட்டைப் பாதியில் நிறுத்தினேன். இப்போது பொருள் பட்டியலில் இது முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் இருந்தால் வாங்குவதே இல்லை.

அடுத்து சிலிகா பவுடருக்கு வந்தேன், இன்று வரை அதுதான். அதன் ஒளிவிலகல் எண் 1.46, எண்ணெய்க்கு ரொம்ப நெருக்கம். நுண்துளைகள் உள்ள வகை எண்ணெயைக் குடித்துக்கொண்டே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆனால் அளவு மிக முக்கியம். ஒரு விழாவில் கண்ணுக்குக் கீழே தாராளமாகத் தட்டிக்கொண்டு போனேன், கண்ணாடியில் எந்தக் குறையும் தெரியவில்லை, ஃபிளாஷ் அடித்த போட்டோ அத்தனையிலும் கண்ணுக்கடியில் இரண்டு வெள்ளைப் பிறை. ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், எண்ணெய் ஏறாத காய்ந்த பவுடரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நேராகக் கேமராவுக்கே வந்துவிடுகிறது. அன்றைய போட்டோக்களைப் பார்க்க இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

மினுங்கும் பவுடர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அது டைட்டானியம் டை ஆக்சைடு மெல்லிய படலமாகப் பூசிய மைக்கா (காக்காப்பொன்) செதில், படலத்தின் தடிமனைப் பொறுத்து வெள்ளி, தங்கம், நீலம் என்று நிறம் மாறும். வழவழப்பான இடத்தில் செதில்கள் படுத்துக்கொண்டு அழகாக இருக்கும், துளைகள் பெரிதாக உள்ள மூக்கிலும் கன்ன நடுவிலும் ஒவ்வொரு துளையையும் எடுத்துக் காட்டிவிடும்.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான்: முகம் மின்னினால் முதலில் டிஷ்யூவை நெற்றியிலும் மூக்கிலும் தேய்க்காமல் 10 வினாடி அழுத்தி எடுக்கிறேன், அப்புறம் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் கொஞ்சமாகப் பவுடர். பாதி நாட்கள் பவுடரே தேவைப்படுவதில்லை. எடுத்த டிஷ்யூவை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் எண்ணெய் பட்ட இடமெல்லாம் கண்ணாடித் திட்டாகத் தெரியும், எங்கே பவுடர் போட வேண்டும் என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்துகொள்கிறேன்.