அவே கோலா, கூடுதல் நேரமா?

ஐரோப்பிய கால்பந்துக் கோப்பைகளில் இரண்டு அணிகள் ஆளுக்கொரு மைதானத்தில் மோதும் இரண்டு ஆட்டமும் முடிந்து மொத்த கோல் சமமாக இருந்தால், எதிரணி மைதானத்தில் அதிக கோல் அடித்த அணிக்கே வெற்றி. இந்த அவே கோல் விதியை 1965-ல் கொண்டுவந்த யூஃபா (ஐரோப்பிய கால்பந்துச் சங்கம்), 2021-22 சீசனில் தூக்கிவிட்டது. நல்லதுதான்.

2003 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியைப் பாருங்கள். ஏசி மிலானும் இன்டரும் ஒரே சான் சீரோ மைதானத்தில்தான் இரண்டு ஆட்டமும் ஆடின, 0-0, அப்புறம் 1-1, ஆனால் இரண்டாவது ஆட்டத்தில் காகிதப்படி இன்டர்தான் சொந்த அணி என்பதால் ஷெவ்சென்கோ அடித்தது வெளியூர் கோலாகி மிலான் இறுதிக்குப் போனது. சொந்த ஊரில் ஏது வெளியூர் கோல்?

ஆனாலும் 2019 அரையிறுதியில், வீணான நேரத்துக்காக 90 நிமிடத்தோடு சேர்த்த நிமிடங்களும் முடியப்போகும் நேரத்தில் டோட்டன்ஹாமின் லூகாஸ் மௌரா மூன்றாவது கோலை அடித்து மொத்தத்தைச் சமமாக்கியதும், அவே கோலில் வெளியேறிய அயாக்ஸ் வீரர்கள் புல்லில் அப்படியே சரிந்தார்களே, அந்த ஒரு நொடித் தீர்ப்பு இந்த விதி தந்ததுதான்.

இப்போது 30 நிமிடம் கூடுதல் ஆட்டம், பிறகு பெனால்டி. அந்த அரை மணி நேரமும் ஒரே அணியின் ரசிகர்கள் முன்னால் நடப்பது குறைதான். சரி, ஆனால் 2022-ல் ரியல் மாட்ரிட், மான்செஸ்டர் சிட்டி மோதலில் 90 நிமிட முடிவில் மொத்தம் 5-5. பழைய விதிப்படி சிட்டி அங்கேயே வெளியே. புது விதி அவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தது, கூடுதல் ஆட்டத்தில் மாட்ரிட்டின் பென்சிமா அடித்த பெனால்டியில் தோற்றாலும் ஆடித்தான் தோற்றார்கள்.