மினிஃப்ளக்ஸில் முழுச் செய்தி: நெடுநாள் புழங்கிய பிறகு

செய்தித் தளங்கள் பலவும் ஆர்எஸ்எஸ் ஃபீடில் (புதுச் செய்திகளைப் பட்டியலிடும் கோப்பு) இரண்டு வரி மட்டும் வைத்துவிட்டு, மீதிக்குத் தளத்துக்கு வா என்று இழுக்கின்றன. அதற்காகவே வீட்டில் இருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் மினிஃப்ளக்ஸ் என்ற ஃபீட் படிப்பானைப் போட்டேன்.

நிறுவுவது பெரிய வேலையில்லை. கோ மொழியில் எழுதிய ஒற்றை நிரல், துணைக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். நிரல்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் டாக்கரில் ஏற்றினால் 8080 போர்ட்டில் வந்து நிற்கும். போஸ்ட்கிரெஸ் இமேஜுக்கு (டாக்கர் இறக்கும் பொட்டலம்) பதிப்பு எண் இல்லாமல் ‘லேட்டஸ்ட்’ என்று மட்டும் போடாதீர்கள்; முதன்மைப் பதிப்பு மாறினால் பழைய டேட்டாவை அது திறக்காது.

உண்மையான வேலை அதற்கப்புறம்தான். ஃபீடின் செட்டிங்கில் மூலக் கட்டுரையை எடுக்கும் டிக்கைப் போட்டால், மினிஃப்ளக்ஸ் செய்திப் பக்கத்துக்கே போய், எது கட்டுரை என்று ஊகித்து அள்ளி வரும். பாதித் தளங்களுக்கு இதுவே போதும். மற்றவற்றில் ‘இதையும் படிக்க’ பெட்டியும் ஷேர் பட்டன்களும் சேர்ந்து வரும். அப்போது பிரவுசரில் செய்தியின் முதல் பத்தி மேல் வலது கிளிக், இன்ஸ்பெக்ட். மொத்தக் கட்டுரையையும் சுற்றி நிற்கும் டிவ்வின் (பக்கத்தின் ஒரு பகுதியை அடைக்கும் குறியீடு) கிளாஸ் பெயரை, முன்னால் ஒரு புள்ளி வைத்து, அதே ஃபீட் செட்டிங்கில் இருக்கும் ஸ்கிரேப்பர் ரூல்ஸில் எழுதுங்கள். உள்ளே இருக்கும் பெட்டிகளை ரீரைட் ரூல்ஸில் ‘ரிமூவ்’ கொடுத்து வெட்டலாம். படங்கள் வெறும் கட்டமாகத் தெரிந்தால் பெரும்பாலும் லேஸி லோடிங்தான் (திரைக்கு வரும்போது மட்டும் படத்தை ஏற்றும் முறை) காரணம். ‘ஆட் டைனமிக் இமேஜ்’ விதி சரிசெய்துவிடும். டிக் போடுவதற்கு முன் வந்தவை தானாக நிரம்பாது. செய்தியைத் திறந்து ‘டி’ விசையைத் தட்ட வேண்டும்.

தளம் டிசைனை மாற்றினால் விதி செத்துவிடும். எச்சரிக்கை ஏதும் வராது. பழையபடி இரண்டு வரிச் சுருக்கம் வரத் தொடங்கினால் புரிந்துகொள்ள வேண்டியதுதான். ஜாவாஸ்கிரிப்டில் கட்டும் பக்கங்களிடம் இதன் பாச்சா பலிக்காது. பேவால் என்ற சந்தாப் பூட்டையும் உடைக்காது, சந்தா கட்டியிருந்தால் பிரவுசரில் உள்ள லாகின் குக்கியை ஃபீடில் கொடுத்துப் பார்க்கலாம். (ஓசியில் படிக்க வழி தேடுபவர்கள் வேறு கடை பார்க்கவும்.)

தீம், எக்ஸ்டென்ஷன் என்று அலங்காரம் வேண்டுமென்றால் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் என்ற இன்னொரு ஃபீட் படிப்பான் நல்லது, தனி டேட்டாபேஸ் சர்வர் வேண்டாத எஸ்க்யூலைட்டிலேயே ஓடும். எனக்கு இந்த மொட்டைத் தோற்றமே பிடித்திருக்கிறது.

கூகுளின் ஃபீட் படிப்பானான கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டாலும் அதன் ஏபிஐயை (ஆப்கள் அதனோடு பேசும் மொழி) மினிஃப்ளக்ஸ் இன்னும் பேசுகிறது. ஃபோன் ஆப்பில் இணைக்க, இன்டகிரேஷன் பக்கத்தில் அதற்கெனத் தனிக் கடவுச்சொல் வையுங்கள்.

படித்த செய்திகள் இயல்பாக 60 நாளில் நீக்கப்படும். வேண்டியவற்றுக்கு ஸ்டார் போட்டால் தங்கும்.