பாவித்த மக்புக் வாங்க இருப்பவர்கள் காசு கொடுக்கமுன் இதை வாசியுங்கள்

யாழ்ப்பாண நகரில் பாவித்த மடிக்கணினிகள் விற்கும் ஒரு கடையில் நான் ஒரு இலட்சத்து எண்பதினாயிரம் ரூபா கொடுத்து வாங்கிய, அப்பிளின் எம்1 சிப் உள்ள மக்புக் எயார், கனடாவிலுள்ள ஒரு நிறுவனத்தின் சொத்தாக அப்பிளின் பதிவில் இன்றைக்கும் இருக்கும் கணினி. அந்தப் பதிவு வாங்குபவரின் கண்ணுக்குப் படாதபடி மறைத்துவிட்டே கடை அதை விற்றது. இதே முறையில் வேறு பலரும் ஏமாற்றப்படக்கூடும் என்பதனால் நடந்ததை விரிவாக எழுதுகிறேன். முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

இறந்தவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டு என்ற சிறு நூல்களும் கோயில் மகோற்சவ விஞ்ஞாபனங்களும் வடிவமைத்து அச்சகங்களுக்குக் கொடுப்பது என் தொழில். 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு வருபவர்களின் கையில் கல்வெட்டு இருந்தாகவேண்டும். கணினி பழுதென்று சொல்லி 31ஆம் நாளைத் தள்ளிவைக்க முடியாது. கடைக்காரரிடம் இதையெல்லாம் சொல்லித்தான் கணினி கேட்டேன். “அண்ணை, இது கனடாவிலை எங்கட மச்சான் பாவிச்சது, ஒரு கீறலும் இல்லை, பயப்பிடாமக் கொண்டுபோங்கோ” என்றார். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பொருள் என்றால் மேற்கொண்டு கேள்வி கேட்காத வழக்கம் எங்களிடம் இருக்கிறது. அந்த நம்பிக்கையை வைத்தே இந்த வியாபாரம் நடக்கிறது. தேவைப்பட்டால் பின்னர் ரெம் (நினைவகம்) கூட்டித் தரலாம் என்றும் சொன்னார். எம்1 கணினிகளில் நினைவகம் சிப்போடு சேர்ந்தே வருவதால் அதைப் பின்னர் எவராலும் கூட்ட முடியாது. தமிழ் மென்பொருள் போடுவதற்கென்று தனியாகவும் பணம் வாங்கினார்கள். அஞ்சல், தமிழ்99 ஆகிய இரண்டு விசைப்பலகைகளும் மக் கணினியிலேயே இலவசமாக இருப்பவை. அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் போதும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, கணினியைக் கையில் தரும்போது அவர்கள் சொன்ன ஒரு வார்த்தை. “அப்டேட் மட்டும் போடாதேங்கோ, ஃபோர்மட் பண்ணவும் வேண்டாம், என்ன எண்டாலும் எங்களிட்டையே கொண்டுவாங்கோ.” வாடிக்கையாளர்மீது உள்ள அக்கறைபோல ஒலிக்கும் இந்தப் பேச்சைத் தயவுசெய்து எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் அப்டேட் வழியாகத்தான் வருகின்றன. ஒழுங்கான கணினியில் அதைப் போடவேண்டாம் என்று சொல்வதற்கு விற்பவருக்கு எந்தக் காரணமும் இருக்க முடியாது.

கணினி வேகம் குறைந்தபோது திருநெல்வேலியில் உள்ள, எனக்கு நெடுநாள் பழக்கமான தொழில்நுட்பம் தெரிந்த தம்பி ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில், கணினியின் விபரங்களைக் காட்டும் சிஸ்டம் ரிப்போர்ட்டில் மின்கலப் பகுதியைத் திறந்து காட்டினார். இவ்வகை மக்புக்குகளின் மின்கலத்துக்கு அப்பிள் சொல்லும் எல்லை 1000 சார்ஜ் சுற்றுகள். ஒரு கீறலும் இல்லையென்று தந்த என் கணினி எழுநூறைத் தாண்டியிருந்தது. பிறகு, கட்டளைகளைத் தட்டச்சுசெய்யும் டெர்மினலில் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பைத் திறந்தார். கணினி எந்த இணைய முகவரியைத் தேடினால் எங்கே போகவேண்டும் என்று எழுதிவைக்கும் சிறிய கோப்பு அது. வழக்கமாக இருக்கும் சில வரிகளுக்குக் கீழே, 0.0.0.0 என்று தொடங்கும் வரிகள் புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே அப்பிளின் பதிவு வழங்கி (சேர்வர்) ஒன்றின் முகவரி. அதாவது, இந்தக் கணினி தன் உரிமையாளர் யார் என்று அப்பிளிடம் கேட்கமுடியாதபடி வழியை அடைத்திருந்தார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்வது அவசியம். பெரிய நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குக் கொடுக்கும் மக் கணினிகளின் தொடரிலக்கங்களை அப்பிள் பிசினஸ் மனேஜர் என்ற சேவையில் பதிந்துவைக்கின்றன. கணினியை அழித்து முதன்முறை போலத் தொடங்கி இணையத்தோடு இணைத்ததும், அது தன் தொடரிலக்கத்தை அப்பிளிடம் சொல்லும். நிறுவனத்தின் பெயர் திரும்பி வரும். அந்த நிறுவனத்தின் நிர்வாகத்தை ஏற்காமல் மேலே போகமுடியாது. ஏற்றுக்கொண்டால், அந்த நிறுவனம் விரும்பிய நேரத்தில் தொலைவிலிருந்தே கணினியைப் பூட்டலாம், உள்ளிருப்பதை முழுவதும் அழிக்கலாம். விற்பவர்கள் செய்வது, தொடக்கத்தில் இணையத்தில் இணைக்காமல் அந்தப் படியைத் தாண்டி, பிறகு அந்த முகவரிகளை அடைத்துவிடுவது. பதிவு நீங்குவதில்லை. அதை நீக்கும் அதிகாரம் உரிய நிறுவனத்துக்கே உண்டு.

என் வேலைகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதியெடுத்தபின் தம்பி என் கண்முன்னே கணினியை அழித்து, வைஃபையில் இணைத்தார். மொழியும் நாடும் தெரிவுசெய்தோம். அடுத்த திரையில், இந்தக் கணினியை இன்ன நிறுவனம் தானாகவே நிர்வகிக்கும் என்ற அறிவித்தல், நிறுவனத்தின் முழுப்பெயரோடு வந்து நின்றது. தொடர்வதற்கு அந்த நிறுவனத்தின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. கடைக்காரரின் மச்சானுக்கும் அந்தப் பெயருக்கும் என்ன தொடர்பு என்று அவரிடமே கேட்டேன். வெளிநாட்டுக் கணினிகள் எல்லாம் இப்படித்தான் என்றார். இன்னும் கொஞ்சம் பணம் தந்தால் மறுபடி ‘திறந்து’ தருவதாகவும் சொன்னார். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். அவர் தந்த பற்றுச்சீட்டில் ‘லப்டொப் 1’ என்று மட்டுமே எழுதியிருந்தது, தொடரிலக்கம் இல்லை. அது தற்செயலாக விடுபட்டது என்று என்னால் நம்பமுடியவில்லை.

ஆகவே, காசு கொடுக்கமுன் கடையிலேயே கணினியை அழித்துக் காட்டச் சொல்லுங்கள். 2021இல் வந்த மக்ஓஎஸ் மொன்டெரேயிலிருந்து, அப்பிள் சிப் உள்ள எல்லா மக் கணினிகளிலும் அமைப்புகளுக்குள்ளேயே முழுவதையும் அழிக்கும் வசதி உண்டு; அதிக நேரம் எடுக்காது. பிறகு கடையின் வைஃபையை விட்டுவிட்டு உங்கள் கைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் நீங்களே இணையுங்கள். ‘இணையம் பிறகு பார்க்கலாம்’ என்று அவர் விரலை நீட்டினால் விடாதீர்கள். நிறுவனத்தின் பெயரோ, முந்திய உரிமையாளரின் அப்பிள் கணக்கைக் கேட்கும் பூட்டோ வந்தால் கணினியை மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அமைப்புகளில் நிறுவன நிர்வாகத்துக்குரிய புரொஃபைல் எதுவும் இல்லை என்று காட்டுவது சான்றாகாது. என்னுடையதிலும் அப்பகுதி வெறுமையாகத்தான் இருந்தது. கணினியின் அடியில் பொறித்துள்ள தொடரிலக்கமும் திரையில் காட்டும் தொடரிலக்கமும் ஒன்றா என்று ஒப்பிட்டு, அதையே பற்றுச்சீட்டிலும் எழுதுவியுங்கள். உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்காகச் சேர்த்த காசோடு போகும் பெற்றோரிடம் இதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், வேலைகளைப் பிரதியெடுத்துவிட்டு இதே சோதனையைச் செய்துபாருங்கள். கடை பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்கீழ் அந்தச் சபையிடம் எழுத்துமூலம் முறையிடலாம். சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். முறைப்பாடு பொருள் வாங்கி மூன்று மாதங்களுக்குள் போய்ச் சேரவேண்டும் என்பதால், பற்றுச்சீட்டின் திகதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.