பத்தடிக் காத்துப் போட்டும் ஆறு குதிரை எஞ்சினும்: இரண்டு கோடை ஓட்டிப் பார்த்தபிறகு

பெட்டியின் மேலே போட்டிருந்த படத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் போட்டை விரித்து, காத்தடித்து, சிரித்துக்கொண்டே ஏரியில் இறங்குகிறது. பக்கத்தில் பத்து நிமிடம் என்று எழுதியிருந்தது. எங்களுக்கு முதல் தடவை இரண்டேகால் மணித்தியாலம் எடுத்தது. அதுவும் ஏரிக்கரையில் இல்லை. கனடாவில், ஸ்காபரோவில், வீட்டு ஹோலில், சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டு.

ஏன் காத்துப் போட் என்று கேட்பவர்களுக்கு: எங்களுடையது டவுன்ஹவுஸ். கராஜ் இல்லை, ஒரு வாகனம் நிற்கிற இடம்தான். அலுமினியப் போட் வாங்கினால் ட்ரெயிலர் வேண்டும், அதை இழுக்கக் கொக்கி வேண்டும், பனிக்காலம் முழுக்க நிறுத்திவைக்க மாத வாடகைக்கு இடம் வேண்டும். என்னிடம் இருப்பது கொக்கி இல்லாத பழைய சியன்னா வான். அதற்குள் அடங்குகிற போட்தான் எங்களுக்குப் போட்.

வாங்கியது அப்பாவுக்காக. வயது 71. மயிலிட்டிக்காரர், 18 அடி பைபர் போட்டில் 15 குதிரைவலு எஞ்சின் பூட்டி ஓடியவர். 1990 ஆனியில் சண்டையால் ஊரைவிட்டு எழும்பினதோடு போட்டும் போச்சு, எஞ்சினும் போச்சு. 2017 இல் இராணுவம் துறைமுகத்தை விட்டபிறகு ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், அதைப்பற்றி அதிகம் கதைக்கவில்லை. இங்கே சிம்கோ ஏரிக்குக் கூட்டிப்போனால் கரையில் நின்று தூண்டில் போட மாட்டார். “அது சின்னப் பெடியளின்ர வேலை” என்று வானுக்குள் இருந்து தேத்தண்ணி குடிப்பார். காத்துப் போட் வாங்கப்போகிறேன் என்றதும், “பலூனுக்கு எஞ்சின் பூட்டப் போறியோ?” என்றார்.

தெரிவு செய்வதில் நான் கூட நேரம் செலவழித்தது தரைக்குத்தான். போட்டின் நீளத்தையும் நிறத்தையும் பார்த்து வாங்குகிறவர்கள் பிறகு வருந்துவது இங்கேதான். மலிவானதில் குறுக்குச் சட்டங்கள் மட்டும் இருக்கும், சுருட்டச் சுகம், ஆனால் காலடியில் துணி நெளியும், எஞ்சின் உந்தும்போது போட் நடுவில் மடியப் பார்க்கும். அடுத்தது காத்துத் தரை. உள்ளுக்குள் ஆயிரக்கணக்கான நூலால் மேலையும் கீழையும் கோத்த மெத்தை மாதிரி, 10 பீஎஸ்ஐ அளவுக்கு அடித்தால் பலகை போல விறைக்கும். பாரமும் குறைவு. மூன்றாவது அலுமினியத் தரை. பாரம், பூட்டுவது பெரும்பாடு, ஆனால் ஏறி நின்றால் நிலத்தில் நிற்கிற மாதிரி. அப்பாவுக்கு ஒரு முழங்கால் சரியில்லை, தூண்டில் கொக்கியும் மீன் முள்ளும் காலடியில் விழத்தான் போகிறது. அலுமினியம் எடுத்தேன். தனியாகப் போகிறவர், முதுகு நோ உள்ளவர் காத்துத் தரையே எடுங்கள்.

துணியில் பெரிய யோசனை இல்லை. ஹைபலோன் என்கிற ரப்பர்த் துணி வெயிலுக்கு நின்றுபிடிக்கும், விலை என்னுடைய கைக்கு எட்டாது. வருடத்தில் ஐந்து மாதம் வெளியே எடுக்கிற சாமானுக்கு, மூடி வைக்கிற இடமும் இருந்தால், பீவீசி போதும்.

எஞ்சின் வாங்கப் போன இடத்தில்தான் கூத்து. நகரத்துக்கு வெளியே ஒரு கடை, பெயர் வேண்டாம். நான் கேட்டது ஆறு குதிரை, தண்ணிக்குள் இறங்குகிற தண்டு 15 அங்குலக் குட்டைத் தண்டு. கடையில் நின்றது 20 அங்குல நீளத் தண்டு. “எந்தப் போட்டுக்கும் பூட்டலாம், கொஞ்சம் ஆழமாக நிற்கும், அவ்வளவுதான்” என்று விற்கிற பெடியன் விலையிலும் நூறு டொலர் குறைத்தான். நானும் தலையாட்டப் போனேன். அப்பா ஒன்றும் பேசாமல் வெளியே போய், வானில் கிடந்த போட் சுருளைத் தடவி, எஞ்சின் பூட்டுகிற பின்பலகையைத் தேடிப் பிடித்து, கையை விரித்து அளந்துவிட்டு வந்தார். “ஒண்டேமுக்கால் சாணும் வராது. உது எங்கட போட்டுக்கு இல்லை, வா.” பெடியனுக்குத் தமிழ் விளங்கியிராது, முகம் விளங்கியிருக்கும். ஐந்து அங்குலம் கூட இறங்கினால் தண்டு தண்ணியை உழுதுகொண்டு வரும், வேகம் போகும், கரையோரம் தண்டின் நுனியில் சுழலுகிற காத்தாடி கல்லில் அடிக்கும். காத்தாடிக்கு மேலே உள்ள தட்டு போட்டின் அடிமட்டத்தோடு, அல்லது ஒரு அங்குலம் கீழே நிற்கவேண்டும் என்பதுதான் கணக்கு.

கடைசியில் வேறொரு இடத்தில் தோஹாட்சு ஆறு குதிரை, நாலு ஸ்ட்ரோக் எடுத்தோம். சின்ன எஞ்சின் பார்ப்பவர்கள் ஒன்று கவனியுங்கள்: அவர்களின் 4, 5, 6 குதிரை மூன்றுமே அதே 123 சீசீ ஒற்றைச் சிலிண்டர், பாரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 26 கிலோவை ஒட்டி. தூக்குவது எப்படியும் அதே பாரம் என்றால் ஏன் நாலை எடுப்பான்? அதற்கு மேலே 9.8 போனால் இரட்டைச் சிலிண்டர், 37 கிலோ. அதைப் படிக்கட்டால் இறக்கி வானில் ஏற்றுவதை நினைத்தே விட்டுவிட்டேன். கனடாவில் பத்துக் குதிரைக்கு, அதாவது 7.5 கிலோவாட்டுக்குக் கீழே உள்ள எஞ்சின் என்றால் போட்டுக்கு லைசன்ஸ் இலக்கம் தேவையில்லை. கடைகளில் 9.9, 9.8 என்று நிறையக் கண்ணில் படுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஓட்டுகிறவருக்குச் சோதனை எழுதி எடுக்கிற அட்டை வேண்டும், அது வெறும் இரண்டு குதிரை எஞ்சினுக்கும் வேண்டும். 50 கேள்வி, 75 வீதம் எடுக்கவேண்டும். நான் எடுத்துவிட்டேன். அப்பா, “கடலில கிடந்தவனுக்குச் சோதினையோ” என்று முதல் வருடம் மறுத்துவிட்டார். ஆகையால் அந்தக் கோடை முழுக்க, காத்தைப் பார்த்தே அலை சொல்லக்கூடிய மனிசன் அணியத்தில், அதாவது போட்டின் முன்பக்கத்தில், சும்மா இருக்க, சோதனை பாஸ் பண்ணின நான் தடுமாறித் தடுமாறி ஓட்டினேன். அடுத்த பங்குனியில் என் மகள் பக்கத்தில் இருந்து சிவப்பு மிதவை, பச்சை மிதவை எல்லாம் இங்கிலீசில் படிப்பிக்க, அப்பா 41 எடுத்தார். சோதனைத் தாள் இன்னமும் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.

இனிப் பூட்டுகிற கதை. கையேட்டில் நாலு படம், எழுத்தே இல்லை. நாங்கள் அடிபட்டுப் பழகின ஒழுங்கு இது. தரையைக் கூட்டிவிட்டுப் போட்டை விரியுங்கள், ஒரு சின்னக் கல் அடியில் இருந்தாலும் பிறகு தேடவேண்டி வரும். பக்கக் குழாய்களுக்கு உருவம் வருகிற அளவுக்கு மட்டும் காத்து. முதல் அணியப் பலகை, அடுத்ததாகப் பின்பலகையோடு சேருகிற கடைசிப் பலகை. நடுவில் வருகிற இரண்டையும் கூரை மாதிரி நிமிர்த்தி ஒன்றோடொன்று கொளுவி, மேலே ஏறி மிதிக்கவேண்டும். இங்கேதான் எங்களுக்கு ஒரு மணித்தியாலம் போனது. நான் மிதிக்க அந்தப் பக்கம் எழும்பும், அப்பா அமத்த இந்தப் பக்கம் வழுக்கும். துணியின் மடிப்பு ஒன்று பலகைக்கு அடியில் மாட்டுப்பட்டிருந்ததை இருவரும் காணவில்லை. மகள் சவர்க்காரத் தண்ணி கொண்டுவந்து ஓரங்களில் தடவச் சொன்னாள். தடவி, மடிப்பை இழுத்துவிட்டு மிதிக்க, ‘டக்’ என்று ஒரு சத்தம். கீழ் வீட்டுக்காரர் இல்லாதது நல்லதாய்ப் போச்சு.

பிறகு இரண்டு பக்கமும் நீளமான அலுமினியச் சட்டம். அது பலகைகளின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கவேண்டும், ஆனால் போட் தட்டையாகக் கிடக்கும்வரை இடம் விடாது. துடுப்புக் காம்பை அடியில் குறுக்கே வைத்துப் போட்டைக் கொஞ்சம் உயர்த்தினால் தானாகப் போய் உட்காரும். இந்த ஒரு விசயத்தை முதலே அறிந்திருந்தால் எனக்குக் கைத்தோல் மிஞ்சியிருக்கும். இருக்கைப் பலகையை இந்த நேரத்திலேயே கொளுவிவிடுங்கள். மறந்து, முழுக் காத்தும் அடித்து, திரும்ப இறக்கி, அடித்தது இரண்டு தடவை. அதன்பிறகு பக்கக் குழாய்களுக்கும், தரைக்கு அடியில் நீளமாக ஓடுகிற அடிநாளத்துக்கும் காத்து. ஒரு அறையை முழுக்க நிரப்பிவிட்டு மற்றதுக்குப் போகவேண்டாம். உள்ளே அறைகளைப் பிரிக்கிற தடுப்பு ஒரு பக்கத்து அழுத்தத்தைத் தனியே தாங்கவேண்டி வரும். எல்லா அறைக்கும் பாதி பாதியாக அடித்து, பிறகு சுற்றிவந்து முடியுங்கள். வால்வின் நடுத்தண்டை அமத்தித் திருப்பினால் திறந்தபடி நிற்கும், இன்னொருக்கால் திருப்பினால் மேலே வந்து மூடும். அடிக்கும்போது மேலே நிற்கவேண்டும். கீழே நின்றால் பம்பைக் கழட்டினதும் அவ்வளவு உழைப்பும் முகத்தில் ‘புஸ்’ என்று அடிக்கும்.

கூட வந்த மிதி பம்ப் அடிக்கடி குழாயைத் துப்புகிறது. பன்னிரண்டு வோல்ட் பம்ப் ஒன்று தனியாக வாங்கினேன், அழுத்தத்தைக் குறித்துவிட்டால் தானே நிற்கும். இந்த வாங்கலில் காசுக்குத் தகுந்த முதல் சாமான் அதுதான். எங்கள் போட்டில் எழுதியிருக்கிற அழுத்தம் 0.25 பார். ஆனால் வெயிலில் 30 பாகையில் அதை அடித்துவிட்டு, வைகாசியில் 10 பாகைத் தண்ணியில் இறக்கினால், உள்ளே காத்து சுருங்கி அந்த 0.25 இல் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். முதல் நாள் நடு ஏரியில் போட் தொய்ந்து, ஓட்டை விழுந்துவிட்டது என்று நான் பதறிக் கரைக்குத் திருப்பினேன். ஓட்டையும் இல்லை ஒன்றும் இல்லை. இப்போது இறக்கிக் கால் மணித்தியாலம் விட்டு, தண்ணியில் வைத்தே மேலதிகமாக நாலு அடி அடிக்கிறோம். மறுதலையாக, நிறையக் காத்தோடு வெயிலில் கரையில் ஏற்றி வைக்காதீர்கள்.

எஞ்சினைப் பின்பலகையின் நடுவில் வைத்து இரண்டு திருகாணியையும் கையால் இறுக்கினேன். அப்பா பையிலிருந்து நைலோன் கயிறு எடுத்து எஞ்சின் பிடியில் கட்டி, மற்ற முனையைப் போட்டின் வளையத்தில் போட்டார். எதற்கு என்று கேட்டேன். “இறுக்கினது இளகாதெண்டு ஆர் சொன்னது?” சிம்கோவின் குக்ஸ் வளைகுடாவில் கால் மணித்தியாலம் ஓடினபிறகு தொட்டுப் பார்த்தேன், இடது பக்கத் திருகாணி அரைச் சுற்று இளகியிருந்தது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் எதுவும் நடுங்கத்தான் செய்யும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தித் திரும்ப இறுக்குவது இப்போது எங்கள் வழக்கம்.

ஓட்டம் எப்படி? தனியாக நான் போனால் அணியம் இறங்கி, போட் தண்ணிக்கு மேலே வழுக்கிக்கொண்டு போகிறது, போனில் பார்த்தால் மணிக்கு 20 கிலோமீற்றர். அப்பாவும் ஏறி, மீன் பெட்டியும் நங்கூரமும் வைத்தால் 9, 10 தான், மூக்கைத் தூக்கிக்கொண்டு உழும். இரண்டு வளர்ந்தவர்கள் வேகமாகப் போக விரும்பினால் ஆறு குதிரை போதாது, அதை மறைக்க மாட்டேன். மீனுக்குப் போகிறவருக்கு வேகம் எதற்கு என்பது வேறு கதை. உள்ளே இருக்கிற சின்ன டாங்க் முழு வேகத்தில் அரை மணித்தியாலம் காட்டும், வெளி டாங்க் கட்டாயம். முதல் பத்து மணித்தியாலம் முழு வேகத்தில் அடித்து ஓட்டாமல் கூட்டிக் குறைத்து ஓட்டவேண்டும். எஞ்சினின் பக்கத்தால், அதைக் குளிராக்குகிற தண்ணி ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அது நின்றால் எஞ்சினையும் நிறுத்துங்கள்.

சிம்கோ பரந்த ஏரி, மேலைக்காத்து எழும்பினால் கொஞ்ச நேரத்தில் குத்தலை வந்துவிடும். அப்பா அந்தக் காத்துக்கும் ஊரில் சொல்வதுபோலக் கச்சான் என்றுதான் சொல்வார். ஒருநாள் சிபல்ட் பொயின்ட் பக்கம் மீன் கொத்துகிற நேரம், “கச்சான் வரப்போகுது, இழு நங்கூரத்தை” என்றார். எனக்கு வானம் நீலமாகத்தான் தெரிந்தது. கரை சேர்ந்து எஞ்சினைக் கழட்டுகிறபோது வெள்ளைத் தலை அலை. அந்த நேரத்தில் காத்துப் போட்டின் ஒரு குணத்தையும் கண்டோம்: அலை குத்தக் குத்த அது அடங்கி மிதக்கிறது, ஆனால் நனையாமல் வரமுடியாது.

மடித்து வைப்பதைப் பற்றி யாரும் படம் போடுவதில்லை. சிம்கோவில் சீப்ரா மட்டி இருக்கிறது, சின்ன ஓடு, பிளேட் மாதிரி வெட்டும், கரையில் இழுக்காதீர்கள், தூக்குங்கள். ஒன்ராறியோவில் 2022 முதல், றோட்டில் ஏற்றமுன் தக்கையைக் கழட்டித் தண்ணியை வடித்து, ஒட்டின பாசியையும் பூச்சியையும் நீக்கவேண்டும் என்பது சட்டம். பலகை இடுக்கில் மணல் நின்றால் துணியைத் தேய்த்துத் தின்றுவிடும். ஆகவே பூட்டுவதற்கு இப்போது 40 நிமிடம், கழட்டிக் கழுவித் துடைக்க 50. எஞ்சினைப் படுக்கவைக்கும்போது கையேட்டில் காட்டிய பக்கமாகவே படுக்கவையுங்கள், மாறிப் படுத்தினால் ஒயில் போகக்கூடாத இடத்துக்குப் போகும். பனிக்காலத்துக்கு முன் காபரேற்றரில் உள்ள பெற்றோலை ஓடி முடியுங்கள்.

போட், எஞ்சின், பம்ப், வெளி டாங்க், லைவ் ஜக்கெட், 15 மீற்றர் மிதக்கும் கயிறு, விசில், தண்ணி இறைக்கிற வாளி எல்லாமாக, 13 வீத வரியும் சேர்த்து, ஐயாயிரம் டொலரைத் தொட்டது. அப்பாவுக்கு 65 தாண்டியதால் மீன்பிடி லைசன்ஸ் காசு மட்டும் மிச்சம்.

இந்த வருடம் பின்பலகையில் பூட்டுகிற இரண்டு சக்கரம் வாங்கியிருக்கிறேன், வானிலிருந்து தண்ணிவரை சுமக்கிற வேலை குறையும் என்று. பலகையில் நாலு ஓட்டை போடவேண்டும். அப்பா விடுகிறார் இல்லை. புதுப் பலகையில் தண்ணி ஊறும் என்கிறார். பூசுகிற எப்பொக்சி வந்து சேரும்வரை சக்கரம் பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது.