டென்ட் ட்ரெய்லரின் கூரைத் தூக்கியைத் திருத்தித் தந்த பட்டறை: ஒரு மதிப்பீடு

மடித்து வாகனத்தின் பின்னால் இழுத்துச் சென்று, முகாமில் கூரையை உயர்த்தித் துணிக்கூடாரமாக விரிக்கும் டென்ட் ட்ரெய்லரைப் பழையதாக வாங்குபவர்கள் துணியில் கிழிசல் இருக்கிறதா, தரைப்பலகை உக்கியிருக்கிறதா என்று கவனமாகப் பார்ப்பார்கள். ஆனால் குனிந்து, கூரையைத் தூக்கும் கேபிள்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. எங்களிடமுள்ள பழைய கோல்மன் ட்ரெய்லரின் கூரை ஒரு மூலையில் மட்டும் பின்தங்கி ஏறத் தொடங்கியபோது, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பாரி நகருக்கு வெளியே ஒருவர் தனியாக நடத்தும் பட்டறையில் அதை ஒப்படைத்தோம். வேலையின் தரத்துக்காக அவரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கட்டண விவரத்திலும் தகவல் தருவதிலும் குறைகள் உண்டு. அந்தக் குறைகளையும் எழுதப்போவதால் பட்டறையின் பெயரை இங்கே தரவில்லை.

கோல்மன் நிறுவனத்தின் ட்ரெய்லர் பிரிவை ஃப்ளீட்வுட் 1989இல் வாங்கியது. அந்த ஃப்ளீட்வுட் மடிப்பு ட்ரெய்லர்களும் இப்போது உற்பத்தியாவதில்லை. ஆகவே தூக்கும் அமைப்பு பழுதானால் உரிய பாகத்தைத் தேடிப் பொருத்தத் தெரிந்த கை ஒன்று வேண்டும். இந்த அமைப்பில், கேபிளை உருளையில் சுற்றி இழுக்கும் கருவியான வின்ச்சின் கைப்பிடியைச் சுற்றினால் தரைக்கு அடியிலுள்ள தலைமைக் கேபிள் இழுபடும். அந்த இழுவிசையைச் சமநிலைச் சட்டம் ஒன்று நான்கு மூலைகளுக்கும் பகிர்ந்தளிக்கும். மூலைக்குச் செல்லும் கேபிள், குழாய்க்குள் கிடக்கும் நீண்ட சுருள் ஸ்பிரிங்கைத் தள்ளும். பக்கவாட்டில் விலக இடமில்லாததால் அந்த ஸ்பிரிங், வளைவையும் கடந்து தூணுக்குள் ஏறி, ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய குழாய்களை மேலே உயர்த்தும். எளிய அமைப்புத்தான், ஆனால் அதன் பெரும்பகுதி சாலையைப் பார்த்தபடி இருப்பதால், குளிர்காலத்தில் இங்கே வீதிகளில் கொட்டப்படும் உப்பு நேராக அதில் போய்ப் படிகிறது.

பட்டறைக்காரர் முதலில் செய்த காரியமே அவர்மீது நம்பிக்கையை ஏற்படுத்தியது. கூரையை உயர்த்தியதும், நான்கு மூலைகளிலும் அளவாக அறுத்த மரத்தாங்கிகளை நிறுத்தி, கூரையின் பாரம் முழுவதையும் அவற்றின்மீது இறக்கிய பிறகே கேபிள்களில் கை வைத்தார். வின்ச்சை மட்டும் நம்பி உயர்த்திய கூரைக்குக் கீழே கையையோ தலையையோ நீட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்காத எவரிடமும் இந்த வேலையை ஒப்படைக்க வேண்டாம்.

பின்தங்கிய மூலையின் கேபிளை அவர் வெளியே எடுத்துத் துணியில் விரித்துக் காட்டினார். குழாயின் வாயில் வளைந்து நுழையும் இடத்தில் மெல்லிய கம்பிகள் அறுந்து முட்களாக நின்றன. அதற்குச் சற்று அப்பால் துத்தநாகப் பூச்சு போய், செந்துரு தூளாக உதிர்ந்தது. ஒரு கேபிளை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். மற்ற மூன்றும் அதே வயதுடையவை, அதே உப்பில் நனைந்தவை, அத்துடன் நீண்டும் போயிருக்கும். புதியது ஒன்று சேர்ந்தால் அந்த மூலை மற்றவற்றை முந்தி ஏறும் என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. நான்கையும் தலைமைக் கேபிளையும் சேர்த்து மாற்றினோம்.

அவர் பயன்படுத்தியது ஏழு புரிகளும், புரிக்குப் பத்தொன்பது கம்பிகளும் கொண்ட, துத்தநாகம் பூசிய எஃகுக் கேபிள். மொத்தம் 133 நுண்கம்பிகள் இருப்பதால் கப்பியைச் சுற்றி அது எளிதில் வளையும். கம்பி குறைந்த விறைப்பான வகை, அதே தடிப்பில் இருந்தாலும், சிறிய கப்பிகளில் விரைவில் களைத்துவிடும். முனைகளில் வளையம் அமைக்கும்போது சாதாரணக் குறட்டால் நசுக்காமல், உலோக உறையை அதற்குரிய அழுத்தும் கருவியால் இறுக்கி, அளவுத்தகட்டை வைத்துச் சரிபார்த்தார். இறுகிப்போயிருந்த கப்பி ஒன்றையும் மாற்றினார். தூண்களுக்குக் கிரீஸ் பூசாமல் சிலிகோன் தெளிப்பையே பயன்படுத்தினார். கிரீஸ் புழுதியை இழுத்துப் பிடித்துவைத்து, அடுத்த பருவத்தில் குழாய்களையே இறுக்கிவிடும்.

வின்ச் விடயத்தில் அவரது கண்டிப்பை நான் குறிப்பாக மெச்சுகிறேன். எங்களுடையது பிரேக் உள்ள வகை. ஏற்றும்போது டிக் டிக்கென்று ஒலிக்க வேண்டும். கைப்பிடியை விட்டால் கூரை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அதன் உராய்வுத் தட்டுகளில் எண்ணெய் படவே கூடாது. முந்தைய உரிமையாளர் யாரோ அதில் தாராளமாக எண்ணெய் விட்டிருந்ததால் பிரேக் வழுக்கியது. தட்டுகளைத் துடைத்துப் பயன்படுத்திப் பார்க்கலாமா என்ற என் கேள்விக்கு, அது தன் பட்டறையை விட்டு அப்படிப் போகாது என்று மறுத்து, புதிய வின்ச்சையே பொருத்தினார். கூரை முழுவதும் இறங்கிய நிலையிலும் உருளையில் கேபிள் மூன்று சுற்றாவது எஞ்சியிருக்கிறதா என்று என்னையே பார்க்கச் சொன்னார். மின்சாரத் துளைகருவியால் வின்ச்சைச் சுற்ற வேண்டாம் என்றும் எச்சரித்தார்: எந்த மூலை இறுகுகிறது என்பதைக் கை உணரும், கருவி உணராமல் கேபிளை அறுத்துவிடும்.

திருத்தத்துக்குப் பிறகு கூரை நான்கு மூலைகளிலும் ஒரே சீராக ஏறுகிறது. கில்பேர் பூங்காவுக்கு இழுத்துச் சென்று, நாள் முழுதும் மழை பெய்த ஒரு வார இறுதியிலும் அதில் தங்கினோம். துணி எங்கும் தொய்யவில்லை, கதவும் சட்டத்தில் இடிக்காமல் மூடியது. கதவு சரியாகப் பொருந்துவது கூரை மட்டமாக இருப்பதற்கு நல்ல அடையாளம்.

குறைகளுக்கு வருகிறேன். பாகங்கள் வரத் தாமதமாகும் என்பதை அவர் தானாகத் தெரிவிக்கவில்லை. நாங்கள்தான் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அதனால் முன்பதிவு செய்திருந்த முகாமிடம் ஒன்றை இரத்துச் செய்தோம். கட்டணச்சீட்டில் பாகங்களும் கூலியும் ஒரே தொகையாக எழுதப்பட்டிருந்தன. கேட்ட பின்னரே பிரித்துத் தந்தார். பிரித்துப் பார்த்தபோது கூலியே பெரும்பங்கு. அந்த உழைப்பைப் பார்த்த எனக்கு அது அதிகமாகத் தோன்றவில்லை, ஆனால் முதலிலேயே அறிந்திருக்க வேண்டிய விபரம் அது.

கோடை தொடங்கிய பிறகு இத்தகைய பட்டறைகளில் இடம் கிடைப்பது கடினம். முகாம் பருவம் முடிந்த இலையுதிர்காலத்தில் கொடுப்பது நல்லது. கொடுக்கும்போதே பாகங்களுக்கும் கூலிக்கும் தனித்தனி மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பழைய கேபிள்களையும் திருப்பித் தரச் சொல்லுங்கள்.