கோட் ரீடரா, புளூடூத் அடாப்டரா? செக் என்ஜின் விளக்கு எரியும்போது எது உதவுகிறது

இரண்டையுமே வாங்கிப் பயன்படுத்திவிட்டேன். முதலில் வாங்கியது சின்னத் திரை வைத்த கோட் ரீடர், அதாவது வண்டியின் கணினி பதிவு செய்யும் கோளாறு எண்ணை (கோட்) படித்துக் காட்டும் கருவி. சில மாதம் கழித்து, கைபேசியோடு சேரும் புளூடூத் அடாப்டர். இப்போது வண்டியில் ஏதாவது கோளாறு என்றால் அடாப்டரைத்தான் எடுக்கிறேன்.

இரண்டும் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும், வண்டியின் கணினியோடு இணைக்கும் அதே 16 பின் ஓபிடி சாக்கெட்டில்தான் செருகப்படுகின்றன. கோட் படிப்பதும் அழிப்பதும் இரண்டிலும் உண்டு. கோட் ரீடருக்குக் கைபேசி வேண்டாம், ஆப் வேண்டாம், இணைப்புத் தொல்லை இல்லை. செருகி பட்டனை அழுத்தினால் எண் வந்துவிடும். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பவர்கள் தாராளமாக அதையே வாங்கலாம்.

ஆனால் கோட் என்பது நோயின் பெயராக இருப்பது அரிது. பெரும்பாலும் அது காய்ச்சல் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். இதை நான் பி0171 கோடில் கற்றுக்கொண்டேன். எரிபொருள் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அதற்கு அர்த்தம். அதற்குக் காரணம் எங்கோ காற்றுக் கசிவாக இருக்கலாம். அழுக்கேறிய காற்றோட்ட சென்சார், தளர்ந்துபோன பெட்ரோல் பம்ப், அடைத்த இன்ஜெக்டர் என்றும் இருக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, என்ஜின் வேகம் ஏறி இறங்கும், விளக்கும் எரிந்தது. ரீடர் காட்டிய கோடை ஒர்க்‌ஷாப்பில் சொன்னேன். ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினார்கள். நான்கே நாளில் விளக்கு மறுபடி வந்தது. பாவம், அந்த சென்சார் தான் கண்டதைச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் அடாப்டர் வாங்கினேன். அதில் கிடைத்தது லைவ் டேட்டா, அதாவது என்ஜின் ஓடும்போதே சென்சார்கள் தரும் அளவுகள். நான் தேடியது ஃப்யூயல் ட்ரிம். கணினி தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை அது காட்டும். குறுகியகால ட்ரிம், நீண்டகால ட்ரிம் என்று இரண்டு உண்டு. இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை பத்துக்குள் நின்றால் பொதுவாகக் கவலை இல்லை. என் வண்டியில் ஐடிலில் 24. ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் நிறுத்தினேன், 5க்கு இறங்கிவிட்டது.

அந்த இறக்கம்தான் விடை. ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்று கொஞ்சம்தான்; இன்டேக்கில், அதாவது என்ஜினுக்குக் காற்று வரும் பாதையில், வெற்றிட இழுப்பும் அப்போதுதான் அதிகம். எனவே சின்ன ஓட்டை வழியாக உள்ளே வரும் காற்றுகூடப் பெரிய பங்காகிவிடும். வேகம் கூடி மொத்தக் காற்று பெருகும்போது அதே கசிவு ஒன்றுமில்லாமல் போகும். இதற்கு நேர்மாறாக, ஐடிலில் நன்றாக இருந்து மேடு ஏறும்போது ட்ரிம் எகிறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். அழுக்கான காற்றோட்ட சென்சாரும் இப்படிக் காட்டலாம். ஆகவே ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தேன். இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால், பிசிவி குழாயின் (என்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்) வளைவில் ஒரு வெடிப்பு. வளைத்தால்தான் வாய் திறக்கிறது. குழாயை மாற்றிய பிறகு ட்ரிம் படிப்படியாக இறங்கி 4க்கு வந்தது. விளக்கு இன்றுவரை வரவில்லை.

இங்கே இரண்டு எச்சரிக்கை. என் வண்டியில் காற்றோட்ட சென்சார் இருக்கிறது. அது இல்லாமல் மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் வண்டிகளில் கசிவு ட்ரிம்மில் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஐடில் வேகம் தானாக ஏறி நிற்பதாக வெளிப்படலாம். அப்புறம், எதையும் பார்ப்பதற்கு முன் கோடை அழித்துவிடாதீர்கள். கோளாறு பதிவான நொடியின் அளவுகளைக் கணினி சேமித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃபிரேம் என்று பெயர். அழித்தால் அதுவும் போய்விடும், பல வண்டிகளில் நீண்டகால ட்ரிம்மும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும்.

என்ஜின் சூட்டிலும் இதே வித்தியாசம்தான். டாஷ்போர்டு முள் பல வண்டிகளில் ஓரளவு சூடு கூடிக் குறைந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. லைவ் டேட்டாவில் நெடுஞ்சாலையில் எவ்வளவு ஓட்டினாலும் சூடு 70 டிகிரியைத் தாண்டவில்லை என்றால், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். நெரிசலில் ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் முதலில் ரேடியேட்டர் ஃபேனைப் பாருங்கள்.

மிஸ்ஃபயரில் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவதில்) மட்டும் இரண்டும் சமம். பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டர். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் அதன் காயிலை முதல் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோட் பி0301 ஆக மாறினால் கோளாறு காயிலில்தான். மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் என்று தொடர வேண்டும். இதற்குக் கோட் ரீடரே போதும். விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மினுக்கினால் மட்டும் எந்தக் கருவியையும் தேடாமல் உடனே வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுத்துவிடும்.

அடாப்டரிலும் குறை உண்டு. பல அடாப்டர்களுக்குள் இருக்கும் ஈஎல்எம்327 சிப்பின் போலிகள் சந்தையில் நிறைய. நான் முதலில் வாங்கியது பாதியிலேயே இணைப்பை விட்டுவிடும். அதைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன். ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை அல்லது புளூடூத் லோ எனர்ஜி வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். சாக்கெட்டில் சாவி இல்லாமலே மின்சாரம் வந்துகொண்டிருக்கும் என்பதால் செருகியபடி நாள்கணக்கில் விட்டால் பேட்டரி இறங்கிவிடலாம், கழற்றி வைத்துவிடுங்கள். ஓட்டும்போது திரையைப் பார்க்கவும் வேண்டாம். ஆப்பில் பதிவு செய்துகொண்டு, நிறுத்திய பின் பார்க்கலாம்.

நான் சொன்னதெல்லாம் பெட்ரோல் வண்டிக்கு. டீசலில் ஒரே ஒரு முறைதான் செருகிப் பார்த்திருக்கிறேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒர்க்‌ஷாப்பின் பெரிய ஸ்கேனர் ஃபேனையும் இன்ஜெக்டரையும் தானே இயக்கிச் சோதிக்கும். அதைப் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. சிலிண்டரில் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அழுத்தப்படும் அளவு) குறைந்திருந்தால் அதை நேரடியாக அளந்து சொல்ல ரீடராலும் முடியாது, அடாப்டராலும் முடியாது. அதற்குக் கம்ப்ரஷன் கேஜ்தான் வேண்டும்.

பழைய கோட் ரீடர் இப்போது அப்பாவின் வண்டியில் இருக்கிறது. ஆப், இணைப்பு எல்லாம் அவருக்கு ஒத்துவராது. விளக்கு எரிந்தால் எண்ணைப் படித்து போனில் சொல்வார். அழிக்காமல் வையுங்கள் அப்பா என்று சொல்லிவிட்டு, நான் அடாப்டரை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.