பைஅம்ப்ரல் நிரலகம்: ப்ராக்ஸி மறுகுறியாக்கத்தைப் பயன்படுத்திப் பார்த்ததில் கண்டவை

நமது ஆவணங்களை நமது பொதுச்சாவியால் (யாரும் அறியக்கூடிய, பூட்ட மட்டுமே உதவும் சாவி) குறியாக்கம் செய்து வெளியார் சேமிப்பகம் ஒன்றில் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். அவற்றில் ஒன்றை இன்னொருவர் படிக்க வேண்டுமானால், வழக்கமான முறையில் நமக்கு இரண்டே வழிகள் உண்டு. கோப்பைத் தரவிறக்கித் திறந்து, அவருடைய பொதுச்சாவியால் மீண்டும் பூட்டி ஏற்ற வேண்டும்; அல்லது அந்தப் பூட்டைத் திறக்கும் ரகசியமான நமது தனிச்சாவியையே அவரிடம் கொடுத்துவிட வேண்டும். முதலாவது ஒவ்வொரு முறையும் நாம் இணைப்பில் இருந்தாக வேண்டிய வேலை, இரண்டாவது செய்யவே கூடாத வேலை. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் ப்ராக்ஸி மறுகுறியாக்கம்: உரிமையாளர் ஒரு மாற்றுச்சாவியை உருவாக்கி இடையாளிடம் (ப்ராக்ஸி எனப்படும் இடைநிலைச் சர்வர்) கொடுக்கிறார், இடையாள் உள்ளடக்கத்தைப் பார்க்காமலேயே அதைப் பெறுநரின் சாவிக்கு மாற்றித் தருகிறார். இந்தப் பணிக்காகப் பைத்தான் மொழியில் கிடைக்கும் பைஅம்ப்ரல் நிரலகத்தைச் சில மாதங்களாக எனது சொந்த ஆவணக் காப்பகத்தில் பயன்படுத்தி வருகிறேன்.

இந்தச் சிந்தனை புதியதன்று. 1998இல் பிளேஸ், ப்ளூமர், ஸ்ட்ராஸ் ஆகிய மூவர் எல்கமால் என்ற பொதுச்சாவிக் குறியாக்க முறையின் மேல் இதை முதலில் அமைத்துக் காட்டினர். ஆனால் அவர்களது மாற்றுச்சாவி இருவரின் தனிச்சாவிகளுக்கு இடையிலான விகிதமாக இருந்ததால், அது இருபுறமும் வேலை செய்தது. இடையாளும் பெறுநரும் கைகோத்தால் உரிமையாளரின் தனிச்சாவியே வெளிவந்துவிடும். 2005இல் அடெனீஸ், ஃபூ, கிரீன், ஹோஹன்பெர்கர் ஆகியோர் ஒருவழி முறையைத் தந்து அந்தக் கூட்டுச்சதிக்கும் தடை போட்டனர், ஆனால் அதற்கு இணைப்புச் சார்புகள் எனப்படும் கனமான கணக்கீடு தேவைப்பட்டது. நூசைஃபர் நிறுவனத்துக்காக டேவிட் நூன்யெஸ் வடிவமைத்த அம்ப்ரல் முறை (பைஅம்ப்ரல் இதன் பைத்தான் வடிவம்) வேறொரு பாதையைத் தேர்ந்தது. அது குறியாக்கத்தில் பரவலாகப் பயன்படும் நீள்வளைய வளைவு என்ற சாதாரண கணித அமைப்பிலேயே இயங்குகிறது. மாற்றுச்சாவியை ஒரே இடையாளிடம் கொடுக்காமல் பல துண்டுகளாக்கிப் பலரிடம் பகிர்கிறது. நிரலகத்தின் எடுத்துக்காட்டில் 20 துண்டுகள் உருவாக்கப்படுகின்றன, அவற்றில் எந்த 10 இருந்தாலும் போதும்.

பயன்படுத்தத் தொடங்கியதும் முதலில் என்னைக் கவர்ந்தது அதன் சிக்கனம். குறியாக்கம் செய்ததும் இரண்டு பொருள்கள் கிடைக்கின்றன: ஒன்று, கேப்சூல் எனப்படும் 98 பைட் அளவுள்ள சிறு உறை, மற்றது, சமச்சீர் சாவியால் (பூட்டவும் திறக்கவும் ஒன்றே ஆன சாவி) பூட்டப்பட்ட உண்மையான உள்ளடக்கம். இடையாட்கள் தொடுவது கேப்சூலை மட்டுமே. ஆகவே கோப்பு ஒரு பக்கக் கடிதமாக இருந்தாலும் பல ஜிகாபைட் காணொளியாக இருந்தாலும் மறுகுறியாக்கத்தின் செலவு மாறுவதில்லை, பெரிய கோப்பு இருந்த இடத்தை விட்டு நகர வேண்டியதும் இல்லை. பெறுநர் தமது தனிச்சாவியை யாரிடமும் காட்ட வேண்டாம், மாற்றுச்சாவி உருவாகும் நேரத்தில் அவர் இணைப்பில் இருக்கவும் வேண்டாம். அவருடைய பொதுச்சாவி ஒன்றே போதும்.

இரண்டாவது சிறப்பை நான் இன்னும் உயர்வாக மதிக்கிறேன். இடையாள் சோம்பலாலோ வஞ்சத்தாலோ தவறான விடையைத் தரக்கூடும். அதனால் ஒவ்வொரு இடையாளும் மாற்றிய கேப்சூல் துண்டுடன், மாற்றம் முறையாகத்தான் நடந்தது என்பதற்கான பூஜ்ய அறிவுச் சான்றையும் (ரகசியத்தை வெளியிடாமலேயே நிரூபிக்கும் சான்று) சேர்த்தே அனுப்ப வேண்டும். இதைச் சரிபார்க்க மறந்துவிடுவது நிரலாளர்களுக்கு இயல்பு. பைஅம்ப்ரலின் பிந்தைய பதிப்புகள் அந்த மறதிக்கு இடம் தரவில்லை: சரிபார்க்கப்படாத துண்டு ஒரு வகை, சரிபார்க்கப்பட்ட துண்டு வேறொரு வகை; இறுதியில் உள்ளடக்கத்தைத் திறக்கும் செயற்கூறு இரண்டாவது வகையை மட்டுமே ஏற்கிறது. நான் வேண்டுமென்றே ஒரு துண்டில் ஒரு பைட்டை மாற்றிப் பார்த்தேன். நிரல் அந்த இடத்திலேயே நின்றது, பிழையான உள்ளடக்கம் எதுவும் கைக்கு வரவில்லை. பாதுகாப்பான வழியே எளிதான வழியாகவும் இருக்கும்படி நிரலகத்தை வடிவமைப்பது அரிது. அதைச் செய்தவர்களுக்கு நன்றியுடையவனாக இருக்கிறேன்.

இனி, இதைப் பயன்படுத்த எண்ணும் ஒவ்வொருவரும் நின்று படிக்க வேண்டிய இடம். மாற்றுச்சாவியாகத் துண்டாக்கப்படும் அந்த மூல எண், உரிமையாளரின் தனிச்சாவியை இன்னொரு எண்ணால் வகுத்துக் கிடைப்பது. அந்த வகுக்கும் எண்ணைப் பெறுநர் தமது தனிச்சாவியைக் கொண்டு கணக்கிட்டுவிட முடியும். அப்படி முடிவதால்தான் அவரால் உள்ளடக்கத்தைத் திறக்கவும் முடிகிறது. இப்போது தேவையான எண்ணிக்கையிலான இடையாட்கள் தங்கள் துண்டுகளை ஒன்றுசேர்த்து அவரிடம் ஒப்படைத்தால், இரண்டையும் பெருக்கி உரிமையாளரின் தனிச்சாவியையே அவர் எடுத்துவிடலாம். பகிர்ந்த கோப்புகள் மட்டுமல்ல, அந்தச் சாவியால் பூட்டிய அனைத்தும் அவருக்குத் திறந்துவிடும். அதாவது, 1998இன் பழைய பலவீனம் இங்கே மறையவில்லை. பல பேர் சேர்ந்தாலன்றி நிகழாது என்ற வேலிக்குப் பின்னால் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. வேலி நல்லதுதான். ஆனால் ஐந்து இடையாட்களையும் ஒரே நிறுவனத்தின் ஒரே கணக்கில் ஐந்து சர்வர்களாக ஓட்டுபவருக்கு அந்த வேலி இல்லவே இல்லை, ஏனெனில் அந்தக் கணக்கின் கடவுச்சொல் தெரிந்த ஒருவரே ஐவராகவும் ஆகிவிடுகிறார்.

இதற்கான மருந்தும் நிரலகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரே மூல ரகசியத்திலிருந்து, நாம் கொடுக்கும் பெயருக்கேற்ப வெவ்வேறு தனிச்சாவிகளைப் பிறப்பிக்கும் சாவித் தொழிற்சாலை ஒன்று உண்டு. மருத்துவ அறிக்கைகளுக்கு ஒரு சாவி, வீட்டுப் பத்திரங்களுக்கு ஒரு சாவி என்று பிரித்துவிட்டால், ஒன்று கசிந்தாலும் மற்றவை தப்பும். எடுத்துக்காட்டு நிரலை அப்படியே நகலெடுப்பவர் கண்ணில் இது படாது, அங்கே ஒற்றைச் சாவிதான் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அம்ப்ரல் இயல்பாகப் பயன்படுத்தும் வளைவு, பிட்காயினும் எத்தீரியமும் பயன்படுத்தும் அதே வளைவு. அதனால் பணப்பையின் சாவியையே இதற்கும் வைத்துக்கொள்ளலாமே என்ற ஆசை எழும். அதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள்.

அனுமதியைத் திரும்பப் பெறுவதிலும் தெளிவு தேவை. இடையாட்கள் தங்கள் துண்டுகளை அழித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையைத் தவிர வேறு கணித உறுதி இதில் கிடையாது. ஒரு சாவிக்கு அனுமதி கொடுத்தால், அதனால் பூட்டிய ஒவ்வொரு கோப்புக்கும் கொடுத்ததாகவே பொருள். குறிப்பிட்ட ஆவணத்துக்கு மட்டும், குறிப்பிட்ட தேதி வரை மட்டும் என்று அம்ப்ரலின் கணிதம் வரம்பிடுவதில்லை. பெறுநர் தமக்கு வந்ததை மூன்றாமவருக்கு மறுகுறியாக்கம் செய்து அனுப்பவும் இதில் வழியில்லை, ஆனால் எனது தேவைக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

உரிமம் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, அதாவது இதைச் சேர்த்து வெளியிடும் மென்பொருளின் மூலநிரலையும் திறந்து தரக் கோரும் கட்டற்ற உரிமம். மூடிய மென்பொருள் விற்பவர்கள் முதலில் அதைப் படித்துக்கொள்வது நல்லது. வேகம் வேண்டுவோருக்கும் உலாவியில் இயக்க வேண்டுவோருக்கும் இதே முறையின் ரஸ்ட் மொழி வடிவம் உள்ளது, பைத்தானிலிருந்தும் ஜாவாஸ்கிரிப்டிலிருந்தும் அதை அழைக்கலாம். கற்றுக்கொள்ளவும் முறையைப் புரிந்துகொள்ளவும் பைத்தான் வடிவமே எனக்கு உதவியது, நிரல் அவ்வளவு படிக்கத்தக்கதாக இருக்கிறது.

தற்போது எனது காப்பகத்தில் ஒவ்வொரு ஆவண வகைக்கும் வெவ்வேறு சாவி, 7 துண்டுகள், திறக்க 4 என்ற கணக்கில் ஓடுகிறது. அந்த ஏழில் இரண்டு எனது பொறுப்பில் உள்ள கணினிகள். மீதி ஐந்தும் ஒருவரையொருவர் அறியாத ஐந்து நண்பர்களின் வீடுகளில் இருக்கின்றன.